கல்லடிப்பிட்டியின் முறிகோடுகள்

நீர்த்தேக்கத் திட்டத்தின் நில அளவைப் பிரிவில் இவ்வாண்டு பணியேற்றிருக்கும் நண்பர்களே, என்னைப் பற்றி உங்களிடம் யாரேனும் சொல்லியிருப்பார்கள். தன் கையால் வரைந்த படத்தைப் பிழையென்று தானே முறையிட்டு, தன் பதவி உயர்வைத் தானே கெடுத்துக்கொண்ட மனிதர் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மை. அதற்காக நான் வருந்துவேன் என்று எதிர்பார்த்தவர்கள் என் பிரியாவிடைக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் அந்த இன்பத்தை அளிக்கவில்லை.

கருவிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் மூன்று நாள் வெயிலில் நின்று அளந்ததை நீங்கள் ஒரு காலைப்பொழுதில் அளந்து முடிக்கிறீர்கள். ஆயினும், அளந்து முடித்துப் பல மாதங்கள் கழிந்த பின் ஒருவர் உங்கள் முன் வந்து நின்று, “இதில் எழுதியிருப்பது பொய்” என்று சொல்லும் வேளை உங்களுக்கும் வரும். அந்த வேளைக்கு எந்தக் கருவியும் இல்லை. எனக்கு அது எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் படகிலேறிச் சென்று நீர்மட்டம் குறித்துவரும் பரப்பின் அடியில் கல்லடிப்பிட்டி என்றோர் ஊர் கிடக்கிறது. சுண்ணக்கல் அகழ்வதற்காகவே ஒரு கம்பனி உண்டாக்கிய ஊர் அது. புத்தளம் களப்பு எனும் கடலேரியிலிருந்து உள்நோக்கிச் சற்றுத் தொலைவில், முட்பற்றைகளுக்கு நடுவே, வெட்டிய கல்லைக் கொண்டே நாற்பத்தொரு வீடுகளை மூன்று வரிசையாகக் கட்டி, தரைக்கும் அதே கல்லைப் பாவி, கம்பனி அதை நிறுவியது. வேலைநேரம் அறிவிக்க ஒரு சங்கு, கல் ஏற்றிச் செல்ல ஒரு சிறு தண்டவாளம், வெடிமருந்து வைக்க இரும்புக் கதவிட்ட ஒரு தனிக் கட்டடம் ஆகியவையும் இருந்தன. மன்னாரிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து கல் உடைத்தார்கள். தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலத்தில் கத்தோலிக்கத் தொழிலாளரைக் கல் லொறியிலேயே ஏற்றிச் செல்வது வழக்கமாம்.

பள்ளம் ஆழமாகி நீர் ஊறத் தொடங்கியதும் கம்பனி வெளியேறியது. வெளியேறும்போது தகரம், குழாய், தண்டவாளம், கதவு, யன்னல் அனைத்தையும் கழற்றி ஏற்றிச் சென்றது. சுவர்களை ஏற்ற முடியாதபடியால் அவற்றை மட்டும் விட்டுச் சென்றது. வெடிமருந்துக் கட்டடத்தின் இரும்புக் கதவும் சுவரோடு வார்க்கப்பட்டிருந்ததால் தப்பியது. வேலையாட்கள் கலைந்துபோனார்கள். சில ஆண்டுகள் அந்த ஊரில் ஆடுகள் மட்டுமே இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில், வடக்கிலிருந்து துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது, முகாம்களில் இடம் போதாமற் போன சில குடும்பங்கள் இந்த வெறுஞ்சுவர்களுக்குள் குடிபுகுந்தன. அவர்கள் உப்பளங்களில் வேலைசெய்து வாழ்ந்தார்கள். வெடிமருந்துக் கட்டடத்தை வெள்ளையடித்துப் பள்ளிவாசலாக்கிக்கொண்டார்கள்.

இவற்றுள் ஒன்றையும் அறியாதவனாகவே நான் அங்கு முதன்முறை சென்றேன்.

நானும் இதே மாவட்டத்துக்காரன். கற்பிட்டியிலே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் உவர்த்துப்போனதனால், உள்நாட்டில் நீரைத் தேக்கிக் குழாய்வழி கொண்டுவரும் திட்டம் வந்தபோது மனமார வரவேற்றேன். கம்பனி விட்டுச்சென்ற பெரும் பள்ளத்தையே நீர்த்தேக்கத்தின் நடுவாகக் கொள்வது என்பது திட்டம். அமிழப்போகும் நிலத்தில் என்னென்ன உண்டு என்பதைப் படத்திற் குறித்துத் தருவது என் பணி. எங்கள் பிரிவின் விதி எளிமையானது. ஆட்கள் வசிக்கும் வீட்டைத் தொடர்கோட்டால் வரைவோம். கூரையும் கதவும் இல்லாது பாழாய்க் கிடக்கும் வீட்டை முறிகோட்டால், அதாவது விட்டுவிட்டுக் கீறும் கோட்டால், வரைவோம்.

ஓகஸ்ட் மாதத்து வெயிலில் நான் கண்டது நாற்பத்தொரு பாழ்வீடுகள். ஒன்றிலும் கதவில்லை, கூரையில்லை, ஆளில்லை. என்னோடு வந்த சங்கிலித் தொழிலாளர் பியதாச, சிலாபத்துப் பக்கத்தவர். இருபது ஆண்டுகளாக நில அளவைக்காரருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர். பின்னாளில் சங்கிலி போய் நாடா வந்து, நாடாவும் போன பிறகும் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. அவர் வெடிமருந்துக் கட்டடத்தின் கம்பிச் சாளரத்தினூடே எட்டிப் பார்த்துவிட்டு, சிங்கள வழக்கில் ஐயா என்னும் பொருளில் ‘மாத்தயா’ என்று என்னைக் கூப்பிட்டார்.

“மாத்தயா, இங்க வந்து பாருங்க. உள்ள கூட்டி வெச்சிருக்கு. பாயும் சுருட்டி வெச்சிருக்கு.”

நானும் பார்த்தேன். கூட்டியிருந்தது. பாய்களும் இருந்தன.

“காத்துக் கூட்டியிருக்கும்” என்றேன்.

“காத்து பாய் சுருட்டுமா மாத்தயா?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன், படத்திலோ பழைய கம்பனிப் படத்தைப் பார்த்து ‘வெடிமருந்துக் களஞ்சியம், பூட்டப்பட்டது’ என்று எழுதினேன். மறுநாளும் வந்து அயலில் விசாரிப்பது என் கடமை. ஆனால் தலவிலத் திருவிழாவுக்கான பேருந்துகளால் எங்கள் வீதி முழுவதும் அடைபட்டிருந்தது. அன்றே வீடு திரும்பினால் போதும் என்று எண்ணினேன். நாற்பத்தொரு முறிகோட்டுச் சதுரங்களைக் கீறி, ஒப்பமிட்டு, படத்தை ஒப்படைத்தேன்.

படத்திற் பிழையான அளவு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுவரும் அதற்குரிய இடத்திலேயே இருந்தது. கண்ணாற் கண்ட ஒன்றை எழுதாமலும் அயலில் கேளாமலும் விட்டதே என் பிழை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அணை ஏறத்தாழ முடிவுற்ற நிலையில், நீரின் இறுதி எல்லைக்குக் கல் நாட்டுவதற்காக நானும் பியதாசவும் மீண்டும் சென்றோம். அது மழைக்காலத்தின் தொடக்கம். கல்லடிப்பிட்டியின் நாற்பத்தொரு வீடுகளிலும் புகை எழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் வாகனத்தை நிறுத்திய ஓசை கேட்டு வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவுகள் கனத்த பலகைக் கதவுகள். திறக்கும்போது தரைக்கல்லில் உரசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகியது. ஆட்கள் வெளியே வந்து எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு, நாற்பது வயதை நெருங்கிய ஒரு பெண் கையில் மடித்த தாளொன்றோடு வந்தார். பெயர் ஸுலைஹா. உப்பளத்தில் வேலைசெய்பவர். மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

“சேர்மார் களைச்சுப்போய் வந்திருக்கிறீங்க. பிளேன்டீ குடிச்சிட்டுக் கதைப்பம்” என்றார்.

தம் வீட்டு முற்றத்திற் கதிரை போட்டுத் தேநீர் தந்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, தாளை விரித்தார். என் படத்தின் பிரதி அது. கீழே என் ஒப்பம் தெளிவாக இருந்தது.

“இது நீங்கதானே?”

“ஓம்.”

“இதில எங்கட வீடு எது?”

சுட்டிக் காட்டினேன். பத்தொன்பதாம் துண்டு, அதாவது படத்தில் அந்த எண்ணிட்ட மனை.

“மற்றக் கோடெல்லாம் நேராப் போகுது. எங்கட வீட்டுக்கு மட்டும் ஏன் விட்டு விட்டுக் கீறியிருக்கு? மை முடிஞ்சு போச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது ஆள் வசிக்காத வீட்டைக் குறிக்கும் கோடு என்று விளக்க வேண்டியவனானேன்.

“ஆள் இல்லையா? நீங்க எந்த மாசம் வந்தீங்க?”

“ஓகஸ்ட்.”

“அப்ப நாங்க உப்பு வாரப் போயிருப்பம். மூணு மாசம் அங்கதான். கதவையும் கூரை வேயிற ஓலைக் கிடுகையும் கழட்டிக்கொண்டு போவம். உப்பளத்துத் தரையில ஈரம். கதவைக் கல்லு மேல போட்டா அதுதான் கட்டில். கிடுகு அங்கத்தக் குடிலுக்கு. இங்க விட்டுட்டுப் போனாக் கறையான் தின்னும்.” அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “நீங்க எந்த ஊர் சேர்?”

“கற்பிட்டி.”

“கற்பிட்டி ஆளுக்கு இது தெரியாதா?”

வாடி எனும் தற்காலிகக் குடில் போட்டு மீன்பிடிக்கும் மக்கள் பருவத்துக்குப் பருவம் வீட்டைச் சுருட்டிக்கொண்டு கரை மாறுவதைச் சிறுவயது முதல் கண்டவன் நான். அறிந்த ஒன்றை அலுவலகத்துப் படிக்கட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத் தொழிலுக்குப் போயிருக்கிறேன்.

“முந்தி துவக்கைக் காட்டிப் போகச் சொன்னாங்க” என்றார் ஸுலைஹா. “இப்ப நீங்க பேப்பரைக் காட்டிப் போகச் சொல்றீங்க. போறதுக்கு நாங்க பழகின ஆக்கள். ஆனா நாங்க இங்க இருக்கவே இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போகச் சொல்றது இதுதான் முதல் தடவை.”

நிகழ்ந்தது இதுதான். நீரில் அமிழும் வீட்டில் வசிப்போருக்கு மாற்றுக் காணி வழங்கத் திட்டத்தில் இடமிருந்தது. என் படத்தின்படி அங்கே வசிப்போர் எவருமில்லை. ஆகவே காணி கேட்டு விண்ணப்பித்த நாற்பத்தொரு குடும்பங்களுக்கும், அவர்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று விடை எழுதப்பட்டிருந்தது. அவர்கள் விடாமல் வற்புறுத்தியதனால் ஒரு விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. மழை வலுத்ததும் அணையின் வான்கதவுகள், அதாவது மதகுகள், மூடப்படும்; நீர் ஏறும்.

அலுவலகம் திரும்பி என் மேலதிகாரியிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதரல்லர். அதுவே சிக்கல். உங்களை அழிக்க நினைப்பவரை எதிர்ப்பது எளிது. உங்களைக் காப்பாற்ற வருபவரை எதிர்ப்பதற்குத்தான் பலம் வேண்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்திலேயே வந்து அமர்ந்தார்.

“இஞ்ச பாருங்கோ. படம் பிழை எண்டு எழுதினா உங்கட கவனக்குறைவு எண்டுதான் முடியும். எதுக்கு அது? இப்பிடி எழுதுங்கோ. நீங்கள் முதல் போகேக்க ஒருத்தரும் இருக்கேல்லை. அதுக்குப் பிறகு வந்து இருந்திருக்கினம். பழைய படமும் இனிக் கீறப்போற படமும் சரியாப் போயிடும். உங்களுக்கும் ஒண்டும் வராது.”

“அவர்களுக்குக் காணி?”

“அது விசாரணைக்காரர் பார்ப்பினம். நாங்கள் அளக்கிற ஆக்கள்.”

நண்பர்களே, நான் என் மேசைக்குச் சென்று அந்த வாக்கியத்தை எழுதத் தொடங்கினேன். மறைக்க மாட்டேன். ‘முதலாவது அளவையின்போது மேற்படி கட்டடங்களில் வசிப்பிடத்துக்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை, எனவே’ என்பதுவரை எழுதிவிட்டேன். நல்ல வாக்கியம், இலக்கணப் பிழையற்றது. ‘எனவே’ என்ற சொல்லுக்குப் பிறகு முதலாவது அளவையின் திகதியை எழுத வேண்டியிருந்தது. திகதி பார்ப்பதற்காக அலுமாரியிலிருந்து என் பழைய களப் புத்தகத்தை எடுத்தேன்.

ஏழாம் துண்டின் பக்கத்தில் நான் கீறிய ஒரு சிறு குறிப்புப்படம் இருந்தது. வாசலின் உட்புறத் தரைக்கல்லில் ஒரு கால்வட்டத் தழும்பு. அதன் ஆரையைக்கூட அளந்து எழுதியிருந்தேன். அருகே, ‘இயந்திரத் தழும்பு போலும்’ என்று என் எழுத்து.

அந்தத் தழும்பை எது உண்டாக்கியது என்பதை முந்தின நாள் மாலைதான் என் காதாற் கேட்டிருந்தேன். கனத்த கதவு தொய்ந்து, அதன் நுனி மென்மையான சுண்ணக்கல்லை உரசி உரசிக் கீறிய வட்டம் அது. ஒரு வருடத்தில் விழும் ஆழமன்று. இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு குடும்பம் காலையிலும் மாலையிலும் திறந்து மூடிய கதவின் பாதை. நான் முதன்முறை சென்றபோதே அது அங்கு இருந்தது, நானே அளந்திருக்கிறேன். வசிப்பிடத்துக்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிய அதே மேசையில், அடையாளத்தின் அளவு என் கையெழுத்திலேயே கிடந்தது.

வாக்கியத்தை வெட்டினேன். வெட்டிய அந்தத் தாளையும் களப் புத்தகத்தையும் மேலதிகாரியின் முன் வைத்தேன். வட்டத்தின் ஆரையும் கதவின் அகலமும் ஒத்தால் அந்தக் கதவே அதைக் கீறியது என்றாகும், ஆகவே நாற்பத்தொரு வாசல்களையும் நாற்பத்தொரு கதவுகளையும் அளக்கப் போகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

“உங்கட ஆக்கள் எண்டதால கோடு நேராகுது எண்டு சொல்லுவினம். யோசிச்சியளோ?”

யோசித்திருக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கணத்திலேயே அது எனக்கு உதவியாயிற்று. வசவாக வரும் கேள்வியையும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் அதையே வேறொருவர் கேட்பார். வாசல்களைப் பியதாச அளப்பது, கதவுகளை நான் அளப்பது, ஒருவர் குறிப்பை மற்றவர் காணாமலே விசாரணை அலுவலரிடம் மூடிய உறைகளாகக் கொடுப்பது என்று முடிவுசெய்தேன். என் பங்குக்காக வீடுகளின் கதவுகள் அனைத்தும் கழற்றப்பட்டுப் பள்ளிவாசல் முற்றத்திற் கொண்டுவந்து அடுக்கப்பட்டன. அன்று பகல் முழுவதும் அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் கதவில்லை. பியதாச வெறும் வாசல்களில் குந்தியிருந்து தனியே அளந்துகொண்டு போனார். பெண்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தே களைத்தார்கள்.

“மாத்தயா, இன்னும் பத்து வீடு இருந்தா எனக்கு இன்னைக்கு டீலயே நீச்சல்” என்றார்.

விசாரணை, நான் வேண்டிக்கொண்டபடி, கல்லடிப்பிட்டியிலேயே நடைபெற்றது. அலுவலர் இரண்டு உறைகளையும் பிரித்து, எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்பது கதவுகள் தத்தம் வட்டங்களோடு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை.

ஒன்று, ஊரின் கோடியில் இருந்த ஒரு மீனவர் வீடு. அவர் எழுந்து நின்றார். “நாங்க பள்ளிவாசல்துறையிலிருந்து வந்து ஒரு வருசந்தான் சேர். வட்டம் எங்களுக்கு முந்தி இருந்த ஆக்கள்ற” என்று நேர்மையாகச் சொன்னார். அவருக்குக் காணி கிடைக்கவில்லை. என் முறை அவரைக் கைவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் எல்லாரையும் காப்பாற்றிய அளவை என்று ஒன்று இருப்பதாக நீங்கள் நம்பிவிடக் கூடாது.

மற்றது பத்தொன்பதாம் துண்டு. ஸுலைஹாவின் வீடு. தரையில் உள்ள வட்டத்தின் ஆரை தொண்ணூற்றொரு சென்ரிமீற்றர். கதவின் அகலம் எண்பத்துநான்கு.

என் மேலதிகாரி அலுவலரிடம் தாழ்ந்த குரலில், “முப்பத்தொன்பது பேரைப் பதிஞ்சுபோட்டு முடிப்பம்” என்றார். அது நியாயமாகவே ஒலித்தது. முப்பத்தொன்பது என்பது பெரிய வெற்றி. ஊருக்காகப் பேசிய ஸுலைஹாவே அளவில் தோற்றுவிட்டார் என்பதில் சிலருக்கு ஒரு திருப்தியும் இருந்திருக்கலாம். ஒரே ஒருவருக்காக முழுவதையும் இழுத்தடித்தால் மற்றவர்களின் பதிவும் பிந்தும் என்ற எண்ணம் என்னையும் தொட்டது. ஆனால் என் முறை ஒரு கதவைக் கேட்டது. அவரிடம் ஏன் வேறு கதவு இருக்கிறது என்று நான் கேட்கவேயில்லை. இந்த ஊரில் கேட்காமல் எழுதுவதை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருந்தேன்.

“பழைய கதவு எங்கே?” என்று கேட்டேன்.

ஸுலைஹா விடை சொல்லத் தயங்கினார். அவர் தயங்கக் கண்டது அந்த ஒரு முறைதான்.

“பள்ளிவாசல்ல இருக்கு” என்றார் பிறகு. “எங்கட உம்மா மௌத்தானப்ப மையித்தக் குளிப்பாட்ட நல்ல பலகை இருக்கயில்ல. மழை வேற. வாப்பா செஞ்ச கதவு அது. வந்து மூணாம் நாளே செஞ்சார், கூரைக்கு முந்தி. அதைக் கழட்டித்தான் உம்மாவைக் கிடத்தினம். அதுக்குப் பிறகு அதைத் திரும்ப வாசல்ல மாட்ட எனக்கு மனம் வரயில்ல. பள்ளிக்கே குடுத்துட்டன். இப்ப ஊரில ஆர் மௌத்தானாலும் அதிலதான்.”

இறந்தவரைக் குளிப்பாட்டும் பலகையாகியிருந்தது அந்தக் கதவு. அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். மேலதிகாரி நிலத்தைப் பார்த்தார். நான் அளக்கலாமா என்று ஸுலைஹாவிடம் கேட்டேன். பள்ளியிடம் கேளுங்கள் என்றார். பாங்கு சொல்லும் மோதினார் பாயில் வைத்து அதை வெளியே எடுத்து வந்தார். அளப்பது என் வேலை. ஆனால் அன்று நான் நாடாவைப் பியதாசவிடமே கொடுத்தேன். அவர்கள் இனத்தவனே அளந்தான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதே காரணம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைத் தொடாமல், நாடாவை அதன் மேலாகப் பிடித்து, உரத்த குரலில் வாசித்தார்.

“தொண்ணூத்தி ஒண்ணு.”

என் படம் திருத்தப்பட்டது. முறிகோடுகளின் மேல் நானே தொடர்கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் சிற்றொப்பமிட்டேன். பழைய கோட்டை அழிக்கவில்லை. என் பிழை அடியிலே தெரியும்படியே விட்டேன். எனக்கு எழுத்துமூலமான கண்டனம் வந்தது. பதவி உயர்வு வரவில்லை. ஓய்வுபெறும்வரை நாற்காலியில் அமர்ந்து பிறர் படங்களைச் சரிபார்த்தேன். என் வாழ்வில் நான் மிகக் கவனமாக வேலைசெய்த ஆண்டுகள் அவை.

ஊரைக் காப்பாற்றினேன் என்று எண்ணிவிடாதீர்கள். வான்கதவுகள் குறித்த காலத்தில் மூடப்பட்டன. கல்லடிப்பிட்டி இருபது நாட்களில் அமிழ்ந்தது. மக்கள் மேட்டுக் காணிக்குச் சென்றார்கள். உப்பளம் அங்கிருந்து வெகு தொலைவு. அந்த நீர்தான் இன்று என் வீட்டுக் குழாயிலும் வருகிறது. நான் அதைக் குடிக்கிறேன்.

குடியேறிய முதல் மாதத்தில் ஸுலைஹாவைப் புதிய வீட்டில் சந்தித்தேன். ஏதோ நல்ல வார்த்தை வரும் என்று மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் அதைக் கண்டுகொண்டார்.

“நீங்க பிழையாக் கீறினீங்க. நீங்களே திருத்தினீங்க. அதுக்கு நான் என்னத்துக்கு நன்றி சொல்லோணும் நானா?”

‘சேர்’ என்பது ‘நானா’ ஆகியிருந்தது. அண்ணன் என்று அழைத்தார். எனக்கு அது போதும்.

இப்போது இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பங்களிடம் இன்றும் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இல்லை. அனுமதிப்பத்திரம் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு பத்திரத்திலும் ‘கல்லடிப்பிட்டியின் இன்ன எண்ணுடைய துண்டுக்குப் பதிலாக’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் துண்டு இருந்ததென்று என் படம் சொல்வதனால்தான் ஸுலைஹாவின் காலடியில் இன்று நிலம் இருக்கிறது. சென்ற மாதம் திட்ட அலுவலகத்திலிருந்து எனக்கொரு தாள் வந்தது. கணினியில் புதிய படம் தயாராகிறதாம். நீருக்கடியிலுள்ள துண்டுகள் படத்தை அடைத்து அலங்கோலமாக்குகின்றனவாம். அவற்றை நீக்கி, நீர்ப்பரப்பை வெறும் நீலமாகக் காட்டப் போகிறார்களாம். மூலப்படத்தை வரைந்தவன் என்ற வகையில் எனக்கு ஆட்சேபனை இல்லையென ஒப்பமிட வேண்டுமாம்.

நான் ஒப்பமிடவில்லை. துண்டு படத்திலிருந்து நீங்கினால் அதைச் சுட்டும் பத்திரமும் வெறுந்தாளாகும் என்ற ஆட்சேபனையை ஒரு பக்கத்தில் எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினேன். செய்தி எப்படியோ மேட்டுக் காணிக்கும் எட்டிவிட்டது. ஸுலைஹா தொலைபேசியில் அழைத்தார்.

“தண்ணிக்குள்ள கிடக்கிற வீட்டையும் எடுக்கப் போறாங்களாமே நானா?”

“என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் வைக்கவில்லை.”

பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

“நீங்க வைக்காட்டி இன்னொருத்தர் வைப்பார்” என்றார்.

நண்பர்களே, அவர் சொன்ன அந்த இன்னொருவர் இன்று உங்கள் பிரிவில்தான் அமர்ந்திருக்கிறார். தாள் அவருடைய மேசைக்கு வரும். அதைக் கொண்டுவருபவர் மிகவும் நல்லவராக இருப்பார். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் நன்மைக்காகவே பேசுவார்.